வெண்ணெய்நல்லூர் அவையில் நாமும் உட்கார்ந்திருக்கிறோம்

சுந்தரர் பிறந்த திருநாவலூர் எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இருக்கிறது. அவர் வழக்காடித் தோற்ற திருவெண்ணெய்நல்லூர் தென்பெண்ணைக் கரையில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியைப் பிரித்தபோது, பிறந்த ஊர் ஒரு மாவட்டத்திலும் வழக்கு நடந்த ஊர் இன்னொரு மாவட்டத்திலுமாக ஆகிவிட்டன. நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. பெரியபுராணத்தில் அந்த வழக்கைச் சொல்லும் தடுத்தாட்கொண்ட புராணத்தை வகுப்பில் நடத்தியிருக்கிறேன், கோயில் மண்டபத்திலும் பேசியிருக்கிறேன். கொஞ்ச காலமாக என்னை விடாமல் பிடித்திருக்கும் ஒரு கேள்விக்கு அதில் பதில் இருப்பதாக நினைக்கிறேன். ஒரு செய்தியைக் கைபேசியில் பார்த்து, ரசித்து, நாலு பேருக்கு அனுப்பும் நான் வெறும் பார்வையாளர்தானா? அந்தச் செய்தி செய்யும் நன்மை தீமையில் எனக்கும் பங்கு உண்டா?

கதை தெரிந்ததுதான். புத்தூரில் கல்யாணப் பந்தல். மாப்பிள்ளைக் கோலத்தில் நம்பியாரூரர், அதாவது சுந்தரர். முதிய அந்தணர் ஒருவர் வந்து நின்று, இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். நம்பியாரூரர் முதலில் சிரிக்கிறார். அடுத்து அவரைப் பித்தன் என்கிறார். அப்புறம் துரத்திப்போய் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். முதலில் சிரிப்பு, பிறகு ஏச்சு, கடைசியில் ஆதாரத்தையே அழிப்பது. பிடிக்காத சேதி காதில் விழுந்தால் மனசு போகும் வழியை சேக்கிழார் படிப்படியாகக் காட்டிவிடுகிறார்.

வழக்கு வெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையோருக்கும் கிழவரின் பேச்சில் நம்பிக்கை வரவில்லை. அந்தணர் அந்தணருக்கு அடிமையாவது இந்த உலகத்தில் எங்கே நடக்கிறது என்றுதான் அவர்களும் கேட்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு சாய்வு இருந்தது. இருந்தும் அதை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. அனுபவத்தில் இருந்துவந்த ஆட்சியா, எழுதிய ஆவணமா, அயலார் கண்ட சாட்சியா, இந்த மூன்றில் எது உம்மிடம் இருக்கிறது, காட்டும் என்கிறார்கள். அவன் கிழித்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார் கிழவர். அதற்கு ஒரு தீங்கும் வர விடமாட்டோம் என்று அவையோர் பொறுப்பேற்றுக்கொள்கிறார்கள். அவைக் கணக்கனான கரணத்தான் ஓலையை வாங்கிப் படிக்கிறான். பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒத்துப்போகிறது. நம்பியாரூரர் தோற்றார் என்று சொன்ன பிறகும் கிழவரை அவர்கள் விடவில்லை. இந்த ஊர் என்கிறீரே, உம்முடைய வீடு எங்கே, காட்டும் என்கிறார்கள். அவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் போய் மறைகிறார்.

வந்தவர் சிவபெருமான். கடவுளே வந்தாலும் ஓலையைக் காட்டித்தான் வழக்கை வெல்ல வேண்டும் என்று சொல்வது ஒரு பக்தி நூல். இதை எழுதிய சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர். அவை எப்படி நடக்க வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆதாரம் கேட்டால் நம்பிக்கை கெட்டுவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை படிக்கட்டும். இங்கே ஆதாரம் கேட்டதால்தான் அடியாரும் ஆண்டவனும் ஒருவரையொருவர் அறிந்தார்கள்.

இந்த அவையை வைத்து எங்கள் ஊரில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பார்க்கிறேன்.

2022 ஜூலை 13 அன்று சின்னசேலம் பக்கத்தில் கனியாமூரில், ஒரு தனியார் உறைவிடப் பள்ளியில் பிளஸ் டூ மாணவி ஒருவர் இறந்துகிடந்தார். மகளின் சாவில் பெற்றோருக்குச் சந்தேகம் இருந்தது. நியாயம் கேட்டு உட்கார்ந்தார்கள். பிள்ளையை இழந்த தாய் கேட்கும் கேள்வியைத் தவறு என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கைபேசிகளில் வேறொரு வழக்கு நடந்தது. சம்பவ இடத்தை மிதித்தே பார்க்காதவர்கள் நடந்தது இதுதான் என்று கதை சொன்னார்கள். பின்னணி இசை போட்டார்கள், சிவப்பு வட்டம் போட்டார்கள், அடுத்த பாகம் நாளைக்கு என்றார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் ஆள் சேர்ந்தது. ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. பள்ளிப் பேருந்துகள் எரிந்தன, வகுப்பறைகள் நொறுங்கின, அங்கே படித்த பிள்ளைகளின் சான்றிதழ்கள் சாம்பலாயின. வெளியூர்ப் பையன்கள் நூற்றுக்கணக்கில் கைதானார்கள். இணை விசாரணை நடத்திய ஊடகங்களை உயர் நீதிமன்றம் கண்டித்தது. மறு உடற்கூறாய்வு, சிபிசிஐடி விசாரணை என்று முறையான ஆவணங்கள் ஒவ்வொன்றாக உருவாக ஆரம்பிக்கும்போது, தெருவில் தீர்ப்பும் தண்டனையும் முடிந்திருந்தன.

நம்பியாரூரர் கிழித்தது படி ஓலை. மூலம் வேறிடத்தில் இருந்தது, அதனால் உண்மை பிழைத்தது. கனியாமூரில் எரிந்த சான்றிதழ்களுக்கு உரிய பிள்ளைகளில் யாரும் அந்த வழக்கில் ஒரு தரப்பும் அல்ல.

இரண்டாவது, கருணாபுரம். 2024 ஜூன் 18 இரவும் 19-ஆம் தேதியும். கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே, காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கூப்பிடு தூரத்தில், பாக்கெட்டில் விற்ற சாராயத்தைக் குடித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். கண் தெரியவில்லை என்றார்கள். முதல் சாவுகள் விழுந்த அன்று, சாராயம்தான் காரணம் என்பதை மாவட்ட நிர்வாகம் ஒப்புக்கொள்ளவில்லை, வேறு நோய்களைக் காரணமாகச் சொன்னது. செத்தவர்களின் வீட்டார் சாராயம்தான் என்றார்கள். வீட்டார் சொன்னதுதான் சரி. மெத்தனால் கலந்த சாராயம். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையிலும், சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று கொண்டுபோன இடங்களிலும் சாவு தொடர்ந்தது. 65 பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

கனியாமூரைப் பார்த்தவர்கள், வீடியோவை நம்பாதே, அதிகாரி சொல்லும் வரை பொறு என்றார்கள். கருணாபுரத்தைப் பார்த்தவர்கள், அதிகாரியை நம்பாதே, வீடியோதான் உண்மையைச் சொல்லும் என்றார்கள். வெண்ணெய்நல்லூர் அவை இரண்டையும் சொல்லவில்லை. பேசுகிறவன் யார் என்று பார்க்காமல், என்ன சான்று வைத்திருக்கிறான் என்று அது கேட்டது. கருணாபுரத்தில் தெருப்பெண்கள் கண்ணால் கண்ட சாட்சிகள். என்ன குடித்தான், எப்போது குடித்தான், எங்கே வாங்கினான், எப்போது விழுந்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் அழுதுகொண்டே பேசியதை எடுத்து வெளியே கொண்டுவந்த கைபேசிகளுக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது. கனியாமூரைப் பற்றி ஆளுக்கொரு கதை சொன்னவர்களிடம் அந்த மூன்று சான்றில் ஒன்றுகூட இல்லை.

இனி கட்சிச் சாய்வு. என் அண்ணன் ஆளுங்கட்சிக்காரர். தம்பி எதிர்க்கட்சி. இரண்டு வீடும் ஒரே தெருவில். கோமுகி ஆற்றங்கரையில் பிணங்களை ஒன்றாக எரித்த அந்த வாரம், ஒரு சாயங்காலம் இரண்டு வீட்டுக்கும் போயிருந்தேன்.

அண்ணன் வீட்டுத் தொலைக்காட்சியில் நிவாரணம் ஓடிக்கொண்டிருந்தது. "பாத்தியா பாப்பா, குடும்பத்துக்குப் பத்து லட்சம். எஸ்.பி.யை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க, கலெக்டரை மாத்திட்டாங்க. விசாரணைக் கமிஷனும் போட்டாச்சு. வேற யாரு இவ்ளோ சீக்கிரம் செஞ்சாங்க?"

தம்பி வீட்டில் சட்டமன்ற வெளிநடப்பு. "அக்கா, போன வருஷம் மே மாசம் மரக்காணம் பக்கம் இதே மெத்தனால்லதானே செத்தாங்க? அப்பவே முழிச்சிருந்தா இது நடந்திருக்குமா? சிபிஐ வந்தாத்தான் சரிப்படும்."

இருவரும் பொய் சொல்லவில்லை. நிவாரணம் கொடுத்தது உண்மை, நடவடிக்கை எடுத்தது உண்மை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் ஆட்கள் செத்ததும் உண்மை. 2024 நவம்பர் 20-இல் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐ-க்கு மாற்றவும் செய்தது. கட்சிச் செய்தியில் பெரும்பாலும் பொய் இருப்பதில்லை, விடுபட்டது இருக்கும். அன்றைக்கு இரண்டு வீட்டுத் திரையிலும் விடுபட்டது ஒன்றுதான். ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு மாறிக் கருணாபுரத்துப் பாக்கெட்டுக்குள் வந்தது? அதைக் கேட்டால் பல ஆண்டுகள், பல ஆட்சிகள், பல துறைகள், பல மாவட்டங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். எந்தக் கட்சிக்கும் அந்தக் கேள்வியால் லாபம் இல்லை.

இருந்தாலும் சொல்கிறேன், அண்ணன் தம்பி பார்க்கும் அந்தத் தொலைக்காட்சிகள் எனக்குப் பெரிய பயத்தைத் தரவில்லை. தமிழ்நாட்டுக்குக் கட்சிப் பத்திரிகை புதிது கிடையாது. முரசொலி 1942-இல் தொடங்கியது. தீக்கதிர் யாருடைய பத்திரிகை என்பது படிக்கிற எல்லோருக்கும் தெரியும். 1993-இல் சன், 1999-இல் ஜெயா, 2007-இல் கலைஞர், 2018-இல் நியூஸ் ஜெ என்று தொலைக்காட்சி வந்தபோதும் எது யார் வீட்டுக் குரல் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். டீக்கடை பெஞ்சில் பேப்பரை விரித்து வாசிப்பவர், இது அவங்க பேப்பர், அப்படித்தான் போடுவான் என்று கழித்துக்கொண்டுதான் படிப்பார். அந்தக் கழிக்கும் பழக்கம் ஒரு பெரிய அறிவு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளிடமும் அது இருந்தது. முகவரி இல்லாத காணொளி அந்த அறிவுக்கு வேலை வைப்பதில்லை. யார் எடுத்தது, யார் காசு கொடுத்தது, எந்த ஊரில் எந்த நாளில் எடுத்தது, ஒன்றும் அதில் இருக்காது. உம்முடைய வீடு எங்கே என்று அவையோர் கேட்டது இதைத்தான்.

முகவரி இல்லாதது என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு தன் மேலேயே அனுபவித்திருக்கிறது. 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர்களைத் தமிழர்கள் அடித்துக் கொல்கிறார்கள் என்று காணொளிகள் வடக்கே பரவின. வேறெங்கோ, வேறு காரணத்துக்கு நடந்த சண்டைகளை எடுத்துத் திருப்பூர், கோவை என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். மூட்டை முடிச்சோடு ரயில் நிலையத்துக்குப் போனவர்களை அதிகாரிகள் போய்ச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. அன்றைக்கு நமக்கு எவ்வளவு பதறியது! அந்தப் பதற்றம் அடுத்தவரைப் பற்றி நமக்கு வரும் காணொளியிலும் வர வேண்டும்.

அப்படியானால் ஏன் வருவதில்லை? இதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு விடை இருக்கிறது. சுந்தரர் வழக்கில் தோற்ற அதே வெண்ணெய்நல்லூரில்தான் பிற்காலத்தில் மெய்கண்டார் இருந்து சிவஞானபோதம் அருளினார். அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார் கடவுளைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் அளவை பற்றிப் பேசுகிறது. ஒன்றை உண்மை என்று நாம் எந்த வழிகளில் அறிகிறோம், எந்த இடத்தில் வழுக்குகிறோம் என்ற கணக்கை முதலில் முடித்துவிட்டுத்தான் நூல் மேலே போகிறது. காட்சி, கருதல், உரை என்று மூன்று வழி. காட்சியிலும் ஐயக்காட்சி உண்டு, திரிவுக்காட்சி உண்டு. நேரில் கண்டாலே மாறிக் காணலாம் என்றால், ஒருவர் வெட்டி ஒட்டிக் கொடுத்ததைக் காண்பது எந்த வகை? அதைக் காட்சி என்றே சேர்க்க முடியாது. அது ஒருவர் சொல்லும் உரை. உரையை ஏற்க, சொன்னவர் நம்பத் தகுந்தவரா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அந்த நூல் காட்சியில் இன்னொரு வகையும் சொல்கிறது. தன்வேதனைக் காட்சி. நமக்குள் எழும் இன்பத்தையும் துன்பத்தையும் நாமே அறிவது. என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். ஒரு காணொளியைப் பார்த்ததும் நெஞ்சு கொதிக்கிறது, அல்லது வயிறு குலுங்கச் சிரிப்பு வருகிறது. அந்தக் கொதிப்பும் சிரிப்பும் சத்தியமாக நடக்கின்றன. ஆனால் அவை என்னைப் பற்றிய அறிவு. கனியாமூரைப் பற்றியோ கருணாபுரத்தைப் பற்றியோ அவை ஒன்றும் சொல்வதில்லை. நான் கொதித்தேன் என்பதால் அது நடந்தது என்று ஆகாது. இரண்டு அறிவையும் ஒன்றாகக் கலந்துவிடுவதுதான் இன்றைய காணொளியின் முழு வித்தை. இசையும் குரலும் ஏறி இறங்கும்போது எனக்குள் ஓர் உணர்ச்சி உறுதியாகிறது. அந்த உறுதியைச் செய்தியின் உறுதி என்று எடுத்துக்கொண்டு அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறேன்.

எண்ணிக்கையும் இப்படித்தான் ஏமாற்றுகிறது. எல்லாக் குரூப்பிலும் வந்திருக்கிறது, பொய்யாக இருக்குமா என்று கேட்பார்கள். வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் அரசனுக்கு ஒரு முறை சொல்லியிருக்கிறார். ஒற்றன் கொண்டுவந்த சேதியை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஒற்றர்கள் ஒருவரையொருவர் அறியாதபடி ஆள வேண்டும். அப்படிப்பட்ட மூவர் சொல் ஒத்துப்போனால் நம்பலாம். இதில் உயிரான பகுதி ஒருவரையொருவர் அறியாமல் இருப்பது. ஒரே காணொளி நாற்பது குழுவில் சுற்றினால் சாட்சி நாற்பது ஆகாது, அது ஒரே ஒற்றன் நாற்பது வாசலில் வந்து நிற்பது. 2023-இல் தமிழக அரசு தகவல் சரிபார்ப்பகம் என்று ஒன்றை அமைத்தது. அதன் வேலை நல்ல வேலைதான். ஆனால் அரசு சொல்வதும் ஓர் ஒற்றன் சொல்வதே. அதையும் இன்னொன்றை வைத்துச் சரிபார்ப்பதுதான் வள்ளுவர் சொன்ன முறை. கருணாபுரத்தின் முதல் நாள் அதற்குச் சாட்சி.

இப்போது மலைக்கு வருகிறேன். கல்வராயன் மலையில் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் சில காலம் வேலை பார்த்தேன். அப்போது படித்த பையன் ஒருவன் இப்போது பிக்கப் வண்டி ஓட்டுகிறான். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் வழியில் வீட்டுக்கு வருவான். கருணாபுரம் சம்பவம் ஓய்ந்த பிறகு ஒருநாள் வந்து கைபேசியைக் காட்டினான். திரையில் வெள்ளிமலை போகும் ரோடு, காட்டுக்குள் நீல நிற பேரல், ஊறலைக் கவிழ்க்கும் போலீஸ். ஊடே கருணாபுரத்துப் பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழும் காட்சி. நடுவில் துடிக்கத் துடிக்க இசை.

"டீச்சர், எங்க மலையப் பத்தி வர்றது ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு சாராயம், இன்னொண்ணு அருவி" என்றான். "கீழ குடிச்சது கெமிக்கல். அதை எங்க ஊர்ல எவன் காய்ச்சினான்? ஆனா வண்டிய நிறுத்தினா, எங்கடா வரே, மலையிலிருந்தான்னு கேக்குறாங்க."

அவன் சொன்னது நியாயம். மலையில் சாராயம் காய்ச்சுவது உண்டு. அது குற்றம், குடும்பங்களையும் கெடுக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வெல்லமும் பட்டையும் போட்டு ஊறவைப்பது வேறு, ஆலை ரசாயனம் வேறு. இரண்டு படத்தையும் ஒட்டிவைத்தவர் ஒரு வார்த்தைகூடப் பொய் பேசவில்லை. ஒட்டியதே போதும், பார்ப்பவர் மனசு மீதியைச் செய்துகொள்ளும். மறுபக்கம், விடுமுறைக்கு மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் வந்து ட்ரோன் பறக்கவிடுகிறவர்கள் காட்டும் மலையில் மனிதர்களே இல்லை. 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை அது. வனத்துறையோடு பட்டாவுக்கு மல்லுக்கட்டுவதும், பிரசவ வலியோடு வரும் பெண்ணை ரோட்டுக்குக் கொண்டுவருவதும், பள்ளியில் ஆசிரியர் தங்குவாரா என்று பார்த்திருப்பதும் காணொளிக்கு உதவாத சேதிகள். அந்த மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது 2024 ஜூலையில். கருணாபுரத்தில் பிணம் விழுந்த பிறகுதான் அதுவும் நடந்தது. மலையில் ஊர்க்கவுண்டர் முன்பு பஞ்சாயத்து கூடினால் இரண்டு தரப்பையும் நிற்கவைத்துப் பேசவிட்டுத்தான் முடிவு சொல்வார்கள். அந்த மலையைப் பற்றி நாம் முடிவு சொல்லும்போது அவர்களுடைய தரப்பு நமக்குக் கேட்பதேயில்லை.

சிரிப்பே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். நான் தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்தவள். எங்கள் பக்கத்துக் கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையும் விடமாட்டான், பஞ்சாயத்துத் தலைவரையும் விடமாட்டான், ஓட்டுக்குக் காசு வாங்கினவரையும் விடமாட்டான். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தச் சிரிப்பு ஊருக்கு நல்லது. ஏனென்றால் அவன் முகம் எல்லோருக்கும் தெரியும். விடிந்தால் அதே தெருவில் டீ குடிக்க வேண்டும். சொன்னது அத்துமீறிப் போனால் அங்கேயே கேட்பார்கள். அவன் பேசுவது கூத்து என்பதும் எல்லோருக்கும் தெரியும். பெரியவர்களைப் பார்த்துச் சிறியவர்கள் சிரிக்கும் சிரிப்பு அது. கருணாபுரத்தில் நடக்கவே முடியாமல் விழுந்துகிடந்த மனிதரின் படத்துக்கு வடிவேலு வசனத்தைச் சேர்த்து அனுப்பினார்களே, அங்கே யார் யாரைப் பார்த்துச் சிரித்தது? தினக்கூலியை வாங்கி விஷத்தைக் குடித்தவனைப் பார்த்து, மாடி வீட்டில் உட்கார்ந்தவர் சிரித்தார். இரண்டையும் நகைச்சுவை என்று ஒரே கணக்கில் எழுத என்னால் முடியாது.

பெரிய பெரிய நிறுவனங்கள் செய்வதற்கு வீட்டில் உட்கார்ந்திருக்கும் நான் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு, குறளின் அமைப்பைக் காட்டுவேன். வாய்மை என்ற அதிகாரம் 30-ஆவது. அது துறவறவியலில் இருக்கிறது. புறங்கூறாமை 19-ஆவது, பயனில சொல்லாமை 20-ஆவது. இவை இரண்டும் இல்லறவியலில் இருக்கின்றன. உண்மை முழுவதையும் கண்டு, அதிலேயே நிற்பது பெரிய தவம், அதைத் துறவியிடம் எதிர்பார்க்கிறார் என்று நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் ஆள் இல்லாத இடத்தில் அவரைப் பற்றித் தெரியாததைப் பேசாமல் இருப்பதும், பயனற்றதைப் பரப்பாமல் இருப்பதும் குடும்பம் நடத்தும் ஒவ்வொருவர் மேலும் விழும் கடமை. கனியாமூரில் என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பது என் வேலையில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் அனுப்பாமல் இருப்பது என் வேலை. அந்த அளவில் எனக்குப் பங்கு உண்டு. கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்.

வெண்ணெய்நல்லூர் அவையில் உட்கார்ந்திருந்தவர்கள் பெயர் ஒன்றும் நமக்குத் தெரியாது. அவர்கள் அடியாரும் அல்லர், அந்தக் கதையில் நாயகரும் அல்லர். அவர்கள் பொறுமையிழந்து கிழவரை விரட்டியிருந்தால் சுந்தரர் பாட வந்திருக்கமாட்டார். பெயர் தெரியாத அந்த நாற்காலிகளில்தான் இன்று கைபேசி வைத்திருக்கும் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிறோம். முன்பு ஊருக்கு ஓர் அவை, இப்போது ஆளுக்கொரு அவை.

ஆகவே, படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2022 ஜூலையிலும் 2024 ஜூனிலும் எங்கள் ஊரைப் பற்றிய காணொளிகளைத் தமிழ்நாடு முழுக்கப் பார்த்தீர்கள், பகிர்ந்தீர்கள். இந்த வழக்குகளில் நீதிமன்றம் சொல்வதற்கு இசை இருக்காது, சிவப்பு வட்டம் இருக்காது, யாரும் உங்களுக்கு அனுப்பித் தரவும் மாட்டார்கள். பேப்பரில் உள்பக்கத்தில் சின்னதாக வரும். அதைத் தேடி எடுத்து முழுதாகப் படியுங்கள். அன்றைக்குக் காணொளியை யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ, அவர்களுக்கு அதையும் அனுப்புங்கள்.